வெறும் தண்ணீரில் எழுந்த கோடு

9 டிசம்பர் 2024, திங்கள்

புயல் போய்விட்டது. வெள்ளமும் வடிந்துவிட்டது. பேதி மட்டும் ஊரில் தங்கிவிட்டது. காலையில் லேப் ஜன்னலைத் திறக்கும்போதே வரிசை. எல்லாம் இடுப்பில் குழந்தை, கையில் டப்பா.

தேங்காய்த்திட்டிலிருந்து வந்த ஒரு தாய் ஊறுகாய் பாட்டிலை நீட்டினாள். மூடியில் எண்ணெய் இன்னும் மினுங்கியது.

"நான் குடுத்த டப்பா எங்கம்மா?"

"அது சின்னதா இருந்துச்சு சார். இவன் போற போக்குக்கு டப்பா எங்க பத்தும், குடம்தான் வைக்கணும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எண்ணெய் பட்ட மலத்தை வைத்து நான் என்ன செய்வது? வேறு டப்பா கொடுத்து, டயப்பரைத் திருப்பிக் கட்டச் சொன்னேன். பிளாஸ்டிக் பக்கம் உள்ளே இருந்தால் பஞ்சு உறிஞ்சாது, சாம்பிள் தேங்கும். அவள் தலையாட்டிவிட்டுச் சுவரில் தொங்கிய சானிடைசரை அமுக்கிக் கையில் தேய்த்துக்கொண்டாள். தினமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன்: "அதைத் தேச்சா நோரோ வைரஸ் சாகாதும்மா. சோப்பு போட்டு, ஓடற தண்ணியில கழுவணும்."

இருபத்தாறு வருடமாக இதுதான் என் பெஞ்ச். மலத்தைக் கரைப்பது, அட்டையில் சொட்டுவது, ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்ப்பது. இரண்டு கோடு என்றால் ரோட்டா வைரஸ். ஒரு கோடு என்றால் ரோட்டா இல்லை. வேறு என்ன என்று அட்டை சொல்லாது.

இனி சொல்லும். நடைக்கு எதிர்ப்புறம் பிசிஆர் அறையை இன்று திறந்தார்கள். ஒரே ஓட்டத்தில் ரோட்டா, நோரோ, அடினோ, ஆஸ்ட்ரோ எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் காட்டும் மெஷின். பொறுப்பு புருஷோத்தமனுக்கு. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இந்த ஆஸ்பத்திரிக்கு எனக்கு நான்கு வருடம் கழித்து வந்தவன்.

கதவில் ஒரு பலகை மாட்டியிருக்கிறான். மல மாதிரிகளைக் கையாண்டவர்கள் அன்றைய தினம் உள்ளே வரக் கூடாது.

மொத்த ஆஸ்பத்திரியிலும் மலத்தைக் கையாளுபவன் நான் ஒருவன்தான். நேராக என் பெயரையே எழுதியிருக்கலாம்.

11 டிசம்பர், புதன்

செம்மல் என்று ஒரு பத்து மாதக் குழந்தை. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வாந்தி, தண்ணீராகப் பேதி, கண் உள்ளே போய்விட்டது. என் அட்டையில் ஒரே கோடு. பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் ஒரே கோடு. மாலையில் புருஷோத்தமனின் திரையில் இருவருக்கும் நோரோ. வைரஸ் இருந்தால் அந்தத் திரையில் கோடு மேலே எழும்பும், இல்லாவிட்டால் தட்டையாகக் கிடக்கும். உடனே இரண்டு பேரையும் தனி அறைக்கு மாற்றினார்கள், தரையை பிளீச் போட்டுத் துடைத்தார்கள். இல்லாவிட்டால் வார்டு முழுக்கப் பரவியிருக்கும்.

குழந்தைகள் பிரிவுத் தலைவர் டாக்டர் கமலவேணி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நடையில் நிற்கவைத்து, கண்ணாடி வழியாக. "பாருங்க சிகாமணி சார், எவ்ளோ அழகா எழும்புது கோடு!"

அழகாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

குழந்தை தேறியதில் எனக்கு மகிழ்ச்சிதான். இதை எழுதியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நான் என்ன மனிதன். ஆனால் அந்தக் குழந்தையின் சாம்பிளை எடுத்துக் கரைத்து, வடிகட்டி, குழாயில் ஊற்றி அவன் கதவருகே வைத்தவன் யார்? அதைப் பற்றி ஒரு வார்த்தை?

அவன் என்னை முந்துவது மூன்றாவது முறை இது. முதல் முறை எம்.எஸ்சி. தங்கப் பதக்கம், இரண்டு மதிப்பெண்ணில் போனது. வாய்மொழித் தேர்வில் அவனிடம் சிரித்துப் பேசிய பேராசிரியர் என்னிடம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது, பிரான்சில் லியோன். மூன்று மாதப் பயிற்சி, ஒரே இடம். பிளஸ் டூ வரை பிரெஞ்சு படித்தவன் நான். அவன் மாலை வகுப்பில் கற்றது. அவனுடைய 'ர' இன்றுவரை தொண்டைக்கு இறங்கவில்லை. போனது அவன். போய் வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் 'வொலா', இதோ பார் என்று பிரெஞ்சில். குழாய் மூடி சரியாக உட்கார்ந்தால் கூட வொலா.

13 டிசம்பர், வெள்ளி

துப்புரவு பார்க்கும் ஆயம்மா சொன்னது: "அந்த ரூமுக்குச் செருப்பே தனியாம் சார். என்னைய வாசப்படியோட நிறுத்திட்டாரு. கோயிலாட்டம்."

எங்கள் இருவரையும் ஒரே பலகை நிறுத்தியிருக்கிறது.

17 டிசம்பர், செவ்வாய்

உள்ளே போனேன்.

மூத்தவன் என்பதால் எல்லா அறைக்கும் ஒரு சாவி என்னிடம் உண்டு, தீ கீ பிடித்தால் திறக்க. புருஷோத்தமன் மதியம் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவான். வாசலில் சானிடைசர் இருந்தது, கையை நன்றாகத் தேய்த்துக்கொண்டேன். அந்தத் தனிச் செருப்பையும் போட்டுக்கொண்டேன். நான் ஒன்றும் விவரம் தெரியாதவன் இல்லை.

என்ன குளிர்ச்சி. என்ன வெள்ளை. என் அறையில் ஜன்னலைச் சாத்தினால் நாற்றம், திறந்தால் ஈ. அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கைப்பிடி கூட மெத்தென்று இருக்கிறது.

மேசைக்கு மேலே, சுவரில், லியோன் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். தூசியே ஆகாது என்கிற அறையில் படத்துக்கு எதற்கு இடம்? பெருமை. அவன் பெயரைப் பழைய பிரெஞ்சுக்காரர் காலத்து முறையில், எழுத்துகளை அள்ளிப் போட்டு நீளமாக எழுதியிருக்கிறார்கள். எங்காவது ஒரு பிழை இருக்காதா என்று விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை.

அந்த வரிகளில் என் பெயர் எப்படி வந்திருக்கும் என்றும் யோசித்தேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

20 டிசம்பர், வெள்ளி

கவிநிலா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "அப்பா, புருஷு அங்கிள்கிட்ட ப்ராஜக்ட் பண்ணட்டுமா? அஞ்சு வயசுக்குள்ள இருக்குற பசங்களுக்கு வர்ற நோரோ பத்தி. எங்க மேடம் ஓகே சொல்லிட்டாங்க."

என் மகள். மைக்ரோபயாலஜி இறுதி ஆண்டு. முதன்முதலில் மைக்ராஸ்கோப் வழியாக அவளைப் பார்க்கவைத்தது நான். மூன்றாம் வகுப்பு, கிணற்றுத் தண்ணீர்ச் சொட்டு. "அப்பா, குட்டிக் குட்டியா நீந்துது!" என்று கத்தினாள்.

"என் லேப்ல பண்ணலாமே" என்றேன்.

"உங்க லேப்ல என்னப்பா இருக்கு, கார்டுதான."

என் மனைவி சுமலதா என் முகத்தைப் பார்த்துவிட்டு ரசத்தை நகர்த்தி வைத்தாள். அவளுக்குத் தெரியும்.

23 டிசம்பர், திங்கள்

மூன்று நாள் கவிநிலாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று சுமலதா வெடித்துவிட்டாள். "அவரு மேல இருக்குற காய்ச்சல பொண்ணு மேல காட்டுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா? அவருக்கு நீங்க ஒரு நெனப்பே இல்ல. நீங்கதான் அவர தலைல வச்சிக்கினு சுத்துறீங்க."

ப்ராஜக்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அவளுடைய கடைசி வரிகள்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன. அவனுக்கு நான் ஒரு நினைப்பே இல்லையா?

2 ஜனவரி 2025, வியாழன்

கவிநிலா முதல் நாள். ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தாள், உள்ளே நுழைந்ததும் எதிர்ப்பக்கக் கதவுக்குள் போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன்: அவன் ஏதோ சொல்கிறான், அவள் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். நான் சொல்லி அவள் சிரித்தது எப்போது?

வீட்டில் முழுக்க அங்கிள் புராணம். மெஷினுக்குள் போகும் கலவையைத் தயாரிப்பது அவள் வேலையாம். கடைசிக் குழாயில் மட்டும் மாதிரி கிடையாது, வெறும் தண்ணீர். அதில் எதுவும் வரக் கூடாது. வந்தால் அறையிலேயோ கையிலேயோ அழுக்கு என்று அர்த்தம், அன்றைய ரிப்போர்ட் ஒன்றும் வெளியே போகாது. எனக்கே பாடம் நடத்துகிறாள்.

"தண்ணிக் குழாய் கோடு இப்படி இருக்கணும்ப்பா" என்று உள்ளங்கையைக் கவிழ்த்து, சாப்பாட்டு மேசைக்கு மட்டமாக இழுத்துக் காட்டினாள். "தட்டையா. அங்கிள் முதல்ல அதைத்தான் பாப்பாரு. தட்டையா இருந்தா வொலா!"

என் வீட்டில், என் மேசையில், வொலா.

6 ஜனவரி, திங்கள்

இன்று மறுபடியும் போனேன். கவிநிலா கேன்டீனில், அவன் வீட்டில். கையைத் தேய்த்துக்கொண்டுதான்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து, கலவையை அளந்து ஊற்றும் அவள் பிபெட்டை எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு லேசு! கட்டைவிரல் வைத்ததும் தானாக இறங்குகிறது. என்னிடம் இருப்பதை அமுக்கி அமுக்கி விரல் காய்த்துப் போயிற்று. பிறகு கொஞ்ச நேரம் அந்தச் சான்றிதழ்ச் சட்டத்தின் முன்னால் நின்றேன். ஏனென்று தெரியவில்லை. புண்ணைத் தொட்டுப் பார்ப்பது போல.

8 ஜனவரி, புதன்

தண்ணீர்க் குழாயில் கோடு எழுந்துவிட்டது! நோரோ!

வெறும் தண்ணீருக்கு வாந்தி பேதி. வாழ்க லியோன்.

நடையில் என்னைப் பார்த்ததும், "எங்கயோ கன்டாமினேஷன்டா சிகா" என்றான். முகம் வெளுத்திருந்தது. "அப்படியா?" என்றேன். இரண்டு எழுத்துகூட அதிகமாகச் சொல்லவில்லை. டீக்கடையில் இரண்டாவது டீ குடித்தேன். ரொம்ப நாள் ஆயிற்று இப்படி ருசித்துக் குடித்து.

10 ஜனவரி, வெள்ளி

எல்லாவற்றையும் பிளீச் போட்டுத் துடைத்தார்களாம். மேசை, மெஷின், பிபெட் எல்லாம். புதுக் கிட் பிரித்தார்களாம். அப்படியும் இன்று எழுந்திருக்கிறது.

வார்டில் ஆறேழு குழந்தைகளின் ரிப்போர்ட் நிற்கிறது. யாரைத் தனியாக வைப்பது, யாரைச் சேர்த்து வைப்பது என்று தெரியாமல் டாக்டர் கமலவேணி என்னிடம் வந்தார். "உங்க கார்டு என்ன சொல்லுது சார்?"

பழைய அட்டைக்கு மரியாதை வந்துவிட்டது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே கோடு. ரோட்டா இல்லை என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் போன பிறகு அந்தச் சந்தோஷம் அவ்வளவாக இல்லை.

கவிநிலா இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

14 ஜனவரி, செவ்வாய். பொங்கல்

புருஷோத்தமன் வீட்டிலிருந்து கரும்பு வந்தது. நன்றாக இனித்தது. எரிச்சல்.

17 ஜனவரி, வெள்ளி

இன்று நடந்ததைக் கோர்வையாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

மறுபடியும் தண்ணீரில் கோடு. டாக்டர் கமலவேணி கூட்டம் போட்டார். புருஷோத்தமன் மெஷினைச் சொல்லவில்லை, கிட்டைச் சொல்லவில்லை. டிசம்பர் முழுக்கச் சரியாக ஓடியது, புதிதாக வந்தது என்ன என்று டாக்டர் கேட்டதற்குத் தயங்கித் தயங்கி, "கலவை இப்ப கவிநிலா போடுது மேடம்" என்றான்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் ஒவ்வொரு தடவையும் கிளவுஸ் மாத்துறேன் மேடம்."

"மாத்துறேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. இன்னொரு தடவை பாப்போம். மறுபடியும் வந்தா காலேஜுக்கு எழுதிடறேன், ப்ராஜக்ட வேற எங்கயாவது பண்ணிக்கட்டும். எனக்குக் குழந்தைங்க ரிப்போர்ட்தான் முக்கியம்."

ஜனவரியில் ப்ராஜக்ட் போனால் வேறு எங்கே கிடைக்கும்? ஒரு வருடம் போய்விடும். அழுக்குக் கைக்காரி என்று பெயர் வேறு கூடவே போகும். இந்தத் தொழிலில் அதைவிடக் கெட்ட பெயர் கிடையாது.

டேய் புருஷோத்தமா. எம் பொண்ணு கை அழுக்கா? அவ கைய யாருடா சொல்றது? சின்ன வயசுல மண்ணுல விளையாடிட்டு வந்தா முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவ வச்சு வளத்தவன்டா நானு. உன் கலவையில கோளாறு, உன் கிட்டுல கோளாறு, பழி எம் பொண்ணு மேல. மெடல எடுத்த, லியோன எடுத்த, இப்ப இவளையுமா—

நிறுத்துகிறேன்.

18 ஜனவரி, சனி

கவிநிலா இரவெல்லாம் அழுதிருக்கிறாள். கண் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. "நான் எங்க தப்பு பண்றேன்னே தெரியலப்பா." தலையைத் தடவிக் கொடுத்தேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு என் தோளில் சாய்ந்தாள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம். சீ, என்ன ஜென்மம் நான்.

20 ஜனவரி, திங்கள்

நாளை அந்தக் கடைசி ஓட்டம். மதியம் உள்ளே போனேன், இந்த முறை அவளுக்காக. அவள் மேசையைப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறாள். பிபெட் நுனி டப்பாக்கள் வரிசையாக, குப்பைக் கூடை காலி. அவள் பிபெட்டின் பிடியில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நன்றாகத் துடைத்து வைத்தேன்.

நல்லபடியாக ஓடட்டும்.

21 ஜனவரி, செவ்வாய்

ஓடவில்லை. முன்னைவிட வேகமாக, உயரமாக எழுந்திருக்கிறது.

காலேஜுக்குக் கடிதம் எழுத டாக்டர் சொல்லிவிட்டார். புருஷோத்தமன் ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கிறான். ஈரப் பஞ்சுக் குச்சியால் அறையில் ஒவ்வொரு இடமாகத் துடைத்து, அந்தப் பஞ்சுகளையே மாதிரியாக வைத்து ஓட்டப் போகிறான். எந்தப் பஞ்சில் கோடு எழுகிறதோ அங்கே அழுக்கு. கலவை போடுவதற்குத் தட்டாஞ்சாவடியில் கம்பெனி வைத்திருக்கும் ஒரு சிநேகிதனிடம் புது பிபெட் இரவல் வாங்கி வந்திருக்கிறான்.

நல்ல யோசனை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை.

22 ஜனவரி, புதன்

முடிவு வந்துவிட்டது.

புருஷோத்தமன் என் அறைக்கே வந்தான். என் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பின்னால் கவிநிலா நின்றிருந்தாள்.

"மெஷின் சுத்தம். ஹூட் சுத்தம். மேசை சுத்தம். பிபெட் பிடியில இருக்கு, அது தெரிஞ்சதுதான். நாற்காலி கைப்பிடில இருக்கு. அப்புறம் ஒண்ணு சொல்றேன் சிகா, நீ சிரிப்ப. சுவத்துல என் சர்டிபிகேட் இருக்குல்ல, அந்தக் கண்ணாடி மேல இருக்குடா! அதுதான் எல்லாத்தையும் விட ஜாஸ்தி. யாருடா அதைத் தொடுவா? எம் பொண்டாட்டியே ஒரு தடவதான் பாத்தா, அதுவும் கொட்டாவி விட்டுக்கினே."

நான் சிரிக்கவில்லை.

"சுவத்துலதானன்னு அதையும், நாற்காலியையும் நாங்க பிளீச் போட்டுத் துடைக்கவே இல்ல. நாற்காலிலேருந்து கிளவுஸ்ல ஏறியிருக்கும்" என்றான். "கவி, நீ எதாச்சும் தொட்டியாம்மா?"

என் மகள் யோசித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டு வாரமாக எல்லோரும் சொல்லிச் சொல்லி அவளுக்கே அவள் கை மேல் நம்பிக்கை போய்விட்டது.

"தொட்டிருப்பேன் அங்கிள். ஞாபகம் இல்ல. நான்தான் தொட்டிருப்பேன்."

என் முன்னால் ஒரு குழந்தையின் சாம்பிள் பாதி கரைத்தபடி இருந்தது. அதைக் கரைத்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் போய்விட்டார்கள்.

அதே நாள், பிற்பாடு

சானிடைசர். சானிடைசரைத்தானே தேய்த்தேன்.

தினமும் ஜன்னலில் நின்று படிக்காத தாய்மாருக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன். அதைத் தேய்த்தால் நோரோ சாகாது, சோப்பு போடுங்கள் என்று. நான் சோப்பு போடவில்லை. அதே லேப் கோட்டு. அதே கை. கைக்குட்டை — அதில் காலை முழுக்க என்ன துடைத்தேன்? மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். மூக்கைத் துடைத்தேன். சாம்பிள் டப்பாவின் வெளிப்புறத்தைத் துடைத்தேனா? துடைத்திருப்பேன். எப்போதும் துடைப்பேன். பிறகு அதைக் கொண்டுபோய் அவள் பிபெட்டைத் துடைத்தேன். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று.

ஒரு கிராம் மலத்தில் கோடிக் கணக்கில் இருக்கும் அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தீற்றல் போதும்.

அவனுடைய பலகை என்னை அவமானப்படுத்த வைத்தது அல்ல.

யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சட்டத்தைக் கழற்றி, எல்லாவற்றையும் துடைத்தால் சரியாகிவிடும். நான் இனிமேல் போகாமல் இருந்தால் போதும். ஆனால் காலேஜுக்குக் கடிதம் போகும். நான்தான் தொட்டிருப்பேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அவனிடம் போய்ச் சொல்வதா? வேறு யாரிடம் என்றாலும் சொல்லிவிடுவேன். டாக்டரிடம், கலெக்டரிடம் கூடச் சொல்வேன். அவனிடமா? 'உன் சான்றிதழைத் தடவிப் பார்க்கப் போனேன்' என்றா?

23 ஜனவரி, வியாழன்

சொல்லிவிட்டேன்.

டாக்டர் அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். கவிநிலா கையில் பேனா. நடந்ததற்கு அவளே ஒரு வருத்தக் கடிதம் எழுதினால் காலேஜில் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்வார்கள் என்று யோசனை. கதவைத் தட்டாமலேயே உள்ளே போனேன். நின்றபடியே சொன்னேன். நேற்று இரவு ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"அவ இல்ல மேடம். நான். மதியத்துல நான் உள்ள போவேன். சாவி இருக்கு."

"எதுக்கு சார்?" டாக்டருக்குப் புரியவில்லை. "எதாவது எடுக்கவா?"

"இல்ல. பாக்க."

"என்னத்த பாக்க?"

புருஷோத்தமன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டம், நாற்காலி, பிபெட். எல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து போனது. இப்போது சிரிப்பான், வொலா என்பான் என்று காத்திருந்தேன்.

"கேட்டிருந்தா நானே கூட்டிக்கினு போயிருப்பனேடா" என்றான் மெதுவாக. "காலையில. நீ பெஞ்ச்ல உக்கார்றதுக்கு முன்னாடி வந்திருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது."

சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனை வெறுக்க இன்னும் பத்து வருடத்துக்குக் காரணம் கிடைத்திருக்கும்.

டாக்டர் கமலவேணி மேசை மேல் கையை நீட்டினார். சாவிக் கொத்திலிருந்து அந்த ஒன்றைக் கழற்றி வைத்தேன். நகம் உடைந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் கவிநிலா என் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றபோதுதான் கேட்டாள்.

"சோப்பு போட்டுக் கழுவுனீங்களா, இல்ல தேச்சிக்கிட்டீங்களா?"

"தேச்சிக்கிட்டேன்."

பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தேன்.

24 ஜனவரி, வெள்ளி

கடிதம் போகவில்லை. ப்ராஜக்ட் தொடர்கிறது.

சுமலதாவிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. என்னைத் திட்டவில்லை. என் கைக்குட்டைகளையெல்லாம் வாளியில் போட்டு பிளீச் ஊற்றியிருக்கிறாள். எல்லாம் வெளுத்துப் போய்விட்டன.

28 ஜனவரி, செவ்வாய்

அதற்குப் பிறகு நடந்த இரண்டு ஓட்டமும் சுத்தம் என்று ஆயம்மா மூலமாகத் தெரிந்துகொண்டேன். வார்டுக்கு ரிப்போர்ட் போகத் தொடங்கிவிட்டது. அந்த ஊறுகாய் பாட்டில் தாய் இன்று மறுபடி வந்தாள், இளையவளுக்காம். இந்த முறை சரியான டப்பா. நான் சொல்லும் முன்பே குழாயடிக்குப் போய்ச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்தாள்.

"பாத்தியா சார், நீ சொன்னத மறக்கல நானு."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

30 ஜனவரி, வியாழன்

கவிநிலா சாப்பிடும்போது, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "திங்கக்கிழம எட்டு மணிக்கு வரச் சொன்னாரு அங்கிள். உங்கள. குளிச்சிட்டு நேரா."

வர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மோர் ஊற்றிக்கொண்டேன்.

3 பிப்ரவரி, திங்கள்

துவைத்த சட்டை, புதுக் கோட்டு. என் அறையின் கதவைக்கூடத் திறக்காமல் நேராக எதிர்ப்பக்கம் போனேன். கவிநிலா அவள் சாவியால் திறந்தாள். வாசல் குழாயில் நான் சோப்பு போட்டுக் கழுவி முடிக்கும் வரை பக்கத்தில் நின்று பார்த்தாள். முழங்கை வரை கழுவினேன்.

சுவரில் சட்டம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

புருஷோத்தமன் கலவை போடும் விதத்தைக் காட்டினான். குழாய் மாற்றிக் குழாய், ஒரு சொட்டு சிந்தாமல், கை நடுங்காமல் ஊற்றுகிறான். இந்த வயதில் அந்தக் கை எப்படி வாய்த்தது அவனுக்கு? பொறாமையாகத்தான் இருந்தது. நேரில் நின்று, அனுமதியோடு பார்த்தேன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

கடைசிக் குழாய் வந்ததும் பிபெட்டை என்னிடம் நீட்டினான். "தண்ணி நீ ஊத்துடா."

ஊற்றினேன். மூடியை அமுக்கினேன். அவன் வொலா சொல்லவில்லை. எனக்காக விழுங்கிக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

பிறகு என் பெஞ்சுக்கு வந்துவிட்டேன். வரிசை நீண்டிருந்தது. ஒரு முறை மலத்தைத் தொட்டுவிட்டால் அன்று திரும்பி அங்கே போக முடியாது. அதனால் என் தண்ணீர் என்ன ஆயிற்று என்று பார்க்க வழியில்லை. கரைத்தேன், வடிகட்டினேன், அட்டையில் சொட்டினேன். எதிர்ப்பக்கம் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மதியத்துக்கு மேல் கண்ணாடியை யாரோ தட்டும் சத்தம். கவிநிலா. முகத்தில் சிரிப்பு இல்லை. என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக, மட்டமாக இழுத்துக் காட்டினாள்.